அப்பாவின் கோப்பில் நீ பார்த்த சொல்

அய்யா,

நீ கேட்டு ஒன்பது நாளாகிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் வேலைக்கான விசாவுக்கு எதையோ தேடி அலமாரியைக் குடைந்தபோது அப்பாவின் மருத்துவக் கோப்பு உன் கையில் சிக்கியிருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து, ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். "மா, ஆட்டோ இன்ஃபெக்‌ஷன்னு போட்டிருக்கே, என்ன அது? அப்பா தானே தனக்கு வரவச்சிக்கிட்டாரா?" நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "பிசியா இருக்கேன்யா, பொறவு சொல்றேன்" என்று பதில் போட்டுவிட்டு, மீன்காரர் வெட்டிக் கொடுத்த மீனை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு என்ன பிசி? உனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகும் நீ இரண்டு முறை போன் செய்தாய். கொத்தமல்லித் தொக்கு பெர்த்துக்கு எடுத்துப்போக விடுவார்களா என்று பேசினோம். உன் மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று பேசினோம். அந்தச் சொல்லை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. நீ "சரிம்மா, விடும்மா" என்று பாதியில் மடக்கிவிடுவாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் கிள்ளானில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, மனிதர்கள் வெளியே தள்ளுவதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வயிற்றில் இருக்கும் புழுக்களில் பெரும்பாலானவை நம் உடம்புக்குள்ளேயே பெருகுவதில்லை. அவற்றின் முட்டையோ குஞ்சோ வெளியே போய், மண்ணில் சில நாள் கிடந்து முதிர்ந்து, அப்புறம்தான் இன்னொருவர் காலிலோ வாயிலோ ஏற முடியும். உள்ளே இருக்கிற கிழட்டுப் புழு சில வருஷத்தில் தானாகச் செத்துவிடும். அதனால் ஒருவன் எஸ்டேட்டை விட்டு வந்து, செருப்புப் போட்டு, நல்ல கழிவறை உள்ள வீட்டில் இருந்தால் காலப்போக்கில் அவனுக்கு விடுதலை. ஆனால் ஒரு புழு இருக்கிறது, தலைமுடியைவிட மெல்லியது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று பெயர். இதன் குஞ்சுகளில் சில வெளியே போகாமலே குடலுக்குள் முதிர்ந்துவிடும். அங்கேயே சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, திரும்பவும் குடலுக்கே வந்து சேரும். சில குஞ்சுகள் வெளியே வரும் வழியில் ஆசனவாய்ப் பக்கத்துத் தோலைத் துளைத்து உள்ளே திரும்பிவிடும். இப்படித் தாய் போனால் மகள், மகள் போனால் பேத்தி என்று முப்பது நாற்பது வருஷம் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும். வெளியிலிருந்து ஒரு புழுகூட வர வேண்டாம். இதற்குத்தான் ஆட்டோ இன்ஃபெக்‌ஷன் என்று பெயர். தமிழில் தன்தொற்று என்று எழுதுகிறார்கள்.

இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் எங்கள் பெஞ்சில் நான் ரொம்பக் கண்டிப்பு. மருந்து சாப்பிட்டுக் குணமானவன் மறுபடி சேற்றில் இறங்கி வாங்கிக்கொண்டு வந்தால் அது மறுதொற்று, தன்தொற்று இல்லை. கீரிப்பூச்சி உள்ள பிள்ளை பின்பக்கத்தைச் சொறிந்த விரலை வாயில் வைத்துக்கொள்வதையும் சில புத்தகங்கள் தன்தொற்று என்கின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவனும் வீட்டை விட்டே போகாதவனும் ஒன்றா? முக்கியமான விஷயம், இதில் 'தன்' என்பது புழுவின் வித்தையைச் சொல்கிறது, மனிதனின் குற்றத்தை அல்ல. உன் அப்பா தினம் இரண்டு வேளை குளிப்பார். சாப்பிட உட்காரும் முன் முழங்கை வரை சோப்புப் போடுவார். அவர் தானே தனக்கு எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. உன் கேள்விக்கு இதுதான் பதில். இதோடு கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்று நான்கு நாள் யோசித்தேன்.

முடிக்க மனசு வரவில்லை. அந்தப் புழு அப்பாவுக்கு எங்கே கிடைத்தது என்று உனக்கே தெரியும். தெலுக் பங்லிமா காராங் பக்கம் அந்த எஸ்டேட்டில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். பன்னிரண்டு வயது வரை கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான் செருப்பு. அப்புறம் ரயில்வேயில் சிக்னல் பிட்டர் வேலை கிடைத்து, நம்முடைய பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ். ஆனால் நீயும் பள்ளி விடுமுறைக்கெல்லாம் அந்த எஸ்டேட்டிலேயேதான் கிடந்தாய். பெரியப்பா வீட்டுப் பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவே வாய்க்கால் ஓடும். நீ காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவாய். திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருக்கும். உன்னைக் குழாயடியில் நிறுத்தி அப்பா தேங்காய் நாரால் தேய்ப்பார், நீ வலிக்குது வலிக்குது என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது அந்த எஸ்டேட்டும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நீ ஆறு வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலை ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒருமுறை அந்தக் கார் பார்க்கில் நின்று, "இங்கதான்மா பெரியப்பா வீட்டுக் கோழிக்கூண்டு" என்று நீ காட்டினாய்.

ரயில் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை இடுப்பிலும் தொடைமேலும் சிவப்பாக ஒரு கோடு எழும்பும். நமைச்சல் தாங்காது. அந்தக் கோடு ஓர் இடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். "யோவ் கார்டு, இன்னிக்கு ரயில் ஓடுதுய்யா, ஓடி வா" என்று உன்னைக் கூப்பிடுவார். நீ ஓடிப்போய், கோட்டின் நுனியில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாய். புள்ளிக்கு ஒரு ஸ்டேஷன் பெயர். கிள்ளான் என்பாய், ஷா ஆலம் என்பாய். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ரயில் புள்ளியைத் தாண்டி நாலு விரற்கடை போயிருக்கும். "ஸ்டாப் பண்ணாம போயிருச்சிப்பா!" என்று நீ குதிப்பாய். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு சிரிப்பார். நான் அடுப்படியில் நின்று, "காணாக்கடிடா அது, சூடு ஆறினா போயிரும், தொடாதே" என்று கத்துவேன். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் நம் வீட்டின் நல்ல காலம். அந்த நல்ல காலத்தில்தான், அய்யா, அந்தப் புழுவின் குஞ்சு தோலுக்கடியில் ஓடுவதை நீ பேனா வைத்து அளந்துகொண்டிருந்தாய். அந்தப் புழுவைத் தவிர வேறெதுவும் அவ்வளவு வேகமாகத் தோலுக்கடியில் ஓடாது. புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய நான் அதைப் பார்த்துக்கொண்டே குழம்புக்குப் புளி கரைத்திருக்கிறேன்.

அடியோடு சந்தேகம் வராமல் இல்லை. உனக்குப் பத்து வயதானபோது ஒருநாள் பழைய பாடநூலைப் புரட்டியதில் அந்தக் கோட்டின் படம் கண்ணில் பட்டது. அன்றே அப்பாவிடம் மலம் பிடித்துத் தர மூன்று டப்பாவைக் கொடுத்தேன். இந்தப் புழு தினமும் வெளியே தலைகாட்டாது, அதனால் மூன்று நாள் மூன்று டப்பா பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் பாலபாடம். வருகிற நோயாளிகளிடம் நானே பாடமாகச் சொல்வேன்: "ஒரு நாள் பாத்துட்டு இல்லேன்னு சொல்ல முடியாது லா அங்கிள். மூணு நாள் கொண்டாங்க." ரிப்போர்ட்டில்கூட 'இல்லை' என்று எழுத மாட்டோம். 'காணப்படவில்லை' என்றுதான் எழுதுவோம். என் கண்ணில் படவில்லை என்றுதான் நான் கையெழுத்துப் போட முடியும்.

உன் அப்பாவுக்குக் கூச்சம் வந்தால் என்ன ஆவார் என்று உனக்குத் தெரியும். டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, அதை பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைப் பை ஒன்றில் வைத்து, மேலே ஒரு துண்டையும் மடித்துப் போட்டு என் கையில் கொடுத்தார். கொமுட்டர் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "என்ன அக்கா, புதுப் புடவையா? காட்டுங்களேன்" என்றாள். கிள்ளான் வரும்வரை அந்தப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டே போனேன். அங்கே போனால் அடுத்த சங்கடம். என்னோடு பதினெட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாளே கலைவாணி, அவள் வாய் சும்மா இருக்காது. அவள் எதிரில் என் புருஷன் பெயர் எழுதிய டப்பாவை எப்படி வைப்பது? லேபிளில் 'முருகையா' என்று எழுதினேன். வாயில் வந்த பெயர். "யாரக்கா இந்த முருகையா? பேருக்கேத்த பெருசா?" என்றாள் கலைவாணி. சிரித்து மழுப்பினேன். முதல் டப்பாவைப் பார்த்தேன். ஒன்றும் காணப்படவில்லை.

அடுத்த நாளும் அப்பா அதே மாதிரி மடித்துக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாளும் கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அந்த இரண்டு டப்பாவையும் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கலைவாணி பக்கத்தில் நின்றாள், முருகையாவை வைத்து இன்னொரு கிண்டல் வரும் என்று பயந்து இரண்டையும் அப்படியே மருத்துவக் கழிவுத் தொட்டியில் போட்டேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது, "என்னம்மா, பாத்தியா?" நான், "பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல" என்றேன். 'காணப்படவில்லை' என்றுகூடச் சொல்லவில்லை அய்யா, இல்லை என்றே சொன்னேன். "அதான பாத்தேன், நம்ம பாடி ஸ்ட்ராங்கு" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

இதோடு போயிருந்தால் அது என் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். வருஷங்கள் கழித்து அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகி, கால் வீங்கி, மருத்துவமனைக்குப் போனோமே, அந்தத் தடவை நீ வேலையில் இருந்தாய், நான்தான் கூடப் போனேன். ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நல்ல டாக்டர், அவசரப்படாத பெண். கொடுப்பதற்கு முன் சரியான கேள்வியைக் கேட்டாள். "அங்கிள் எஸ்டேட்ல வளந்தவரா? புழு இருக்கான்னு செக் பண்ணியிருக்கீங்களா ஆன்டி?" அந்த மாத்திரை உடம்பின் காவலைத் தளர்த்திவிடும். அதுவரை அடங்கிக் குடித்தனம் செய்த புழு அப்போது கட்டுக்கடங்காமல் பெருகி உடம்பெல்லாம் பரவும். அந்தப் பக்கத்தில் உன் சிவப்பு வட்டத்துக்குக் கீழே ஹைப்பர் இன்ஃபெக்‌ஷன் என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அது இதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "மூணு தடவ பாத்தாச்சு டாக்டர். கிளியர். நான் லேப்ல இருக்கேன், நானே பாத்தேன்" என்றேன். ஒரு படித்த பெண்ணின் முன்னால், முதல் தடவை மட்டும் பார்த்தேன், மற்றதைத் தூக்கிப் போட்டேன் என்று சொல்ல என் தொழில் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "லேப் ஆளே சொன்னா அப்புறம் என்ன ஆன்டி" என்று அவள் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டு எழுதினாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், உனக்குத்தான் அதிகமாகத் தெரியும். ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டி வாங்கி வந்தாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து அதை நிரப்பி வைத்தாய். "மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிப் போச்சு, வயிறு வேற புரட்டுது, இந்த மாத்திரை வேணாம்யா" என்று அப்பா குழந்தை மாதிரி கெஞ்சினார். நீ அவர் முன்னால் மண்டியிட்டு, "டாக்டர் சொல்றவரைக்கும் நிறுத்தக் கூடாதுப்பா. எனக்காகப் போடுங்கப்பா" என்று தண்ணீர் டம்ளரை நீட்டினாய். உனக்காக அவர் போட்டார். நீ செய்தது சரி. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது மாதம் மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாய் அப்பாவைக் கிள்ளான் மருத்துவமனையில் சேர்த்தோம். கலைவாணி அதற்குள் அந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்கு மாறியிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். அவளே வார்டுக்கு ஏறி வந்து, "அக்கா, கொஞ்சம் கீழ வாங்க" என்றாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. அப்பாவின் சளியை ஸ்லைடில் வைத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பார்க்கும் இடமெல்லாம் குஞ்சுகள், துடித்துக்கொண்டு, சுருண்டு நிமிர்ந்து. எத்தனை வருஷம் 'காணப்படவில்லை' என்று எழுதிய கண். மருந்து அன்றே ஆரம்பித்தார்கள். ஆறாம் நாள் அவர் போய்விட்டார்.

துறைமுகத்தில் அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பும்போது கார் ஓட்டிக்கொண்டே நீ சொன்னாய்: "டாக்டர் சொன்னாங்கம்மா, அந்த மாத்திரையாலதான் புழு பெருகிச்சாம். நான்தானம்மா என் கையால குடுத்தேன்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அப்படியெல்லாம் பேசாதய்யா, விதி" என்றேன். இத்தனை நேரம் எழுதியதில் ஆகப் பெரிய தப்பு எது என்று கேட்டால், அந்த ஒரு சொல்தான். விதி இல்லை. நான். எனக்கு அப்போதே தெரியும். ஏழு வருஷமாக நீ அப்பாவின் திதியன்று சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போகிறாய். அந்த மாத்திரைப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் உன் கார் டேஷ்போர்டில் வைத்திருக்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள். நான் சுமக்க வேண்டியதை உன் தோளில் ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறேன். நீ என்னைக் கோபித்துக்கொள். ஒரு வருஷம் பேசாமல்கூட இரு. ஆனால் அந்தப் பெட்டியைப் பெர்த்துக்கு எடுத்துப் போகாதே. அது உன்னுடையது இல்லை.

போன செவ்வாய்க்கிழமை கலைவாணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முருகையா யார் என்றும் சொன்னேன். அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "தெரியும் அக்கா. லேபிள்ல ஒங்க கையெழுத்துத்தானே. மத்த ரெண்டு டப்பாவும் தொட்டியில விழுந்ததையும் பாத்தேன். வெளாட்டா பேசினேனே தவிர, ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. அந்த ஸ்லைடப் பாத்த நாள்லேருந்து எனக்கும் தூக்கமில்ல" என்றாள். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். பிறகு அவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தம்பி சின்ன வயசுல அந்த எஸ்டேட் வாய்க்கால்லயே கெடப்பான்னு சொல்வீங்களே அக்கா. அவனுக்குப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை அய்யா. உன் காலும் அதே சேற்றில் இறங்கிய கால்தான். உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்வாய். அப்பாவும் நாற்பது வருஷம் அதையேதான் சொன்னார். பெர்த்துக்குப் போன இடத்தில் என்றாவது ஒரு டாக்டர் எதற்காகவோ அந்த மாத்திரையை எழுதினால், உன்னைக் கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம். அதனால் புறப்படுவதற்கு முன் ரத்தம் கொடு, இப்போது அதில் நன்றாகத் தெரிகிறதாம். மலமும் கொடு, மூன்று நாள். இருந்தால் விழுங்குவதற்கு மாத்திரை இருக்கிறது, இரண்டு நாளில் முடிந்துவிடும். கலைவாணி பார்ப்பாள், நான் பார்க்கப் போவதில்லை.

மூன்று டப்பாவையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். லேபிள் எழுதியாயிற்று. நம் நாட்டு வழக்கப்படி உன் பெயரை எழுதி, இன்னாரின் மகன் என்பதற்கு 'ஏ/எல்' என்று அந்த இரண்டு எழுத்தைப் போட்டு, பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். முழுப் பெயர், மூன்று தடவையும். அன்றைக்கு என் கை எழுத மறுத்த பெயர் இது. நீ சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். நிரப்பிக் கொடுத்தால் ஒவ்வொரு நாளும் நானே கொமுட்டரில் கிள்ளானுக்குக் கொண்டுபோகிறேன், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில், பெயர் வெளியே தெரிகிற மாதிரி. பக்கத்தில் உட்காருகிறவள் என்ன அக்கா அது என்று கேட்டால், "என் மகனோடதும்மா" என்று சொல்வேன்.

அம்மா